டிஎன்ஏ எப்படி நகலாகிறது, பிழை எங்கே நுழைகிறது, புரதம் எப்படி உருவாகிறது?

டிஎன்ஏ தன்னைத்தானே நகலெடுக்கிறது, புரதம் செய்யச் சொல்லி உத்தரவு போடுகிறது என்று பள்ளியில் படித்தோம். ஒரு மூலக்கூறு இதையெல்லாம் எப்படிச் செய்யும்? நகலில் பிழை ஏன் வருகிறது? வந்த பிழை பிள்ளைகளுக்கும் போகுமா? இதுதான் கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்தான்.

முதலில், டிஎன்ஏ எதையும் செய்வதில்லை. செல்லுக்குள் இருப்பவற்றிலேயே சோம்பேறியான பொருள் அதுதான். அதனால்தான் பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன நியாண்டர்தால் மனிதர்களின் எலும்பிலிருந்துகூட அதை எடுத்துப் படிக்க முடிகிறது. அதைப் பிரிப்பதும் நகலெடுப்பதும் பழுதுபார்ப்பதும் நொதிகள். நொதிகள் பெரும்பாலும் புரதங்கள். அந்தப் புரதங்களைக் கோப்பதற்கான குறிப்பு இருப்பதோ டிஎன்ஏவில். ஆக, இது இல்லாமல் அது இல்லை, அது இல்லாமல் இது இல்லை. இந்தச் சுற்று முதன்முதலில் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் அது தனிக்கதை, இங்கே இழுக்க வேண்டாம்.

டிஎன்ஏ நகலாகும் விதத்தில் விசித்திரமான ஏற்பாடுகள் நிறைய உண்டு. ஓர் இழை தொடர்ச்சியாக வளரும், மற்றது துண்டு துண்டாக வளரும். தொடங்குவதற்கு மட்டும் ஆர்என்ஏ (டிஎன்ஏவின் நெருங்கிய உறவான, பெரும்பாலும் ஒற்றை இழையாக இருக்கும் மூலக்கூறு) வேண்டும். ஆர்என்ஏவில் யுராசில் என்ற எழுத்து, அந்த இடத்தில் டிஎன்ஏவில் மட்டும் தைமின். மாணவர்கள் இதையெல்லாம் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே காரணம்தான்: பிழையைக் குறைப்பது. அதற்காகச் செல் எங்கே தாராளமாகச் செலவு செய்கிறது, எங்கே கையை இறுக்குகிறது என்று பார்த்தால் மூன்று கேள்விகளுக்கும் விடை வந்துவிடும்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிச் சேர்ந்த இரண்டு நீண்ட இழைகள் ஒன்றையொன்று சுற்றியிருக்கின்றன. ஒவ்வொரு சர்க்கரையிலும் ஒரு காரம் ஒட்டியிருக்கிறது: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். சுருக்கமாக ஏ, டி, ஜி, சி. ஏ எதிரில் டி, ஜி எதிரில் சி. வடிவமும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் அப்படித்தான் பொருந்தும். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர் படங்களும், ஏவும் டியும் சம அளவில் இருக்கின்றன என்ற சார்காஃபின் கணக்கும் கையில் இருந்ததால், 1953இல் வாட்சனும் கிரிக்கும் இந்த அமைப்பை முன்வைத்தார்கள். நம் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 600 கோடி எழுத்து ஜோடிகள் இருக்கின்றன. நீட்டி வைத்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர்.

ஓர் இழை தெரிந்தால் மற்றதை எழுதிவிடலாம் என்பது அமைப்பைப் பார்த்ததுமே புரிந்துவிடும். ஆனால் செல் அப்படித்தான் செய்கிறதா? 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் செய்த சோதனை இதைத் தீர்த்துவைத்தது. ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 கலந்த ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்தார்கள். அதன் டிஎன்ஏ முழுவதும் கனமாகிவிட்டது. பிறகு சாதாரண நைட்ரஜன்-14 உள்ள ஊடகத்துக்கு மாற்றி, ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினார்கள். கனத்துக்கு ஏற்ற உயரத்தில் டிஎன்ஏ பட்டையாக நிற்கும். ஒரு தலைமுறை கழித்துக் கிடைத்தது ஒரே ஒரு பட்டை, கனத்துக்கும் லேசுக்கும் நட்டநடுவில். பழைய டிஎன்ஏ அப்படியே இருந்து, புதிது தனியாக உருவாகியிருந்தால் இரண்டு பட்டைகள் வந்திருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் பாதி நடுவிலும் பாதி லேசான இடத்திலும் நின்றது. அதாவது ஒவ்வொரு புது டிஎன்ஏவிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. இவ்வளவு குறைந்த பொருளை வைத்துக்கொண்டு இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்ன சோதனைகள் உயிரியலில் அதிகம் இல்லை.

சரி, நகலெடுக்கும் இடத்துக்கு வருவோம். ஹெலிகேஸ் என்ற நொதி இரண்டு இழைகளையும் பிரித்துக்கொண்டே போகும். முன்னால் ஏறும் முறுக்கை டோபோஐசோமரேஸ் வெட்டித் தளர்த்தி மறுபடி ஒட்டும். பின்னாலேயே டிஎன்ஏ பாலிமரேஸ் வந்து, எதிர் எழுத்துகளைப் பொருத்திக்கொண்டே போகும். ஈ.கோலையில் ஒரு பாலிமரேஸ் வினாடிக்குச் சுமார் 1,000 எழுத்துகளைச் சேர்க்கிறது. 46 லட்சம் ஜோடிகள் கொண்ட அதன் வட்ட டிஎன்ஏவில், ஒரு புள்ளியில் தொடங்கி இரு திசையிலும் போனால் 40 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். (அந்தப் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறதே என்று கேட்பீர்கள். முதல் நகல் முடியும் முன்பே அடுத்த நகலைத் தொடங்கிவிடும், அவ்வளவுதான்.) நம்முடைய பாலிமரேஸ் நிதானமானது, வினாடிக்கு 50 எழுத்துகள் அளவில்தான் நகரும். நம் முதலாம் குரோமோசோமில் ஏறக்குறைய 25 கோடி ஜோடிகள் உள்ளன. ஒரே புள்ளியில் தொடங்கினால், இரு திசையிலும் போனாலும், அதை மட்டும் முடிக்கவே ஒரு மாதம் பிடிக்கும். அதனால் நம் செல்லில் பல்லாயிரம் இடங்களில் ஒரே சமயத்திலோ முன்பின்னாகவோ தொடங்கி, எட்டு மணி நேரம் போல மொத்தத்தையும் முடித்துவிடுகிறது.

இப்போது அந்த விசித்திரங்கள். இரண்டு இழைகளும் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன. பாலிமரேஸோ ஒரே திசையில்தான் இழையை வளர்க்கும். எனவே ஓர் இழையில் அது ஹெலிகேஸின் பின்னாலேயே ஒரே ஓட்டமாகப் போகலாம். மற்ற இழையில் கொஞ்சம் திறந்ததும் பின்னோக்கி ஒரு துண்டு, மறுபடி திறந்ததும் இன்னொரு துண்டு என்று தைக்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஒகசாகி தம்பதியர் கண்டுபிடித்த துண்டுகள் இவைதான். பாக்டீரியாவில் ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,000 எழுத்துகள், நம்மில் 100 முதல் 200. பிறகு லைகேஸ் வந்து இவற்றை இணைக்கும்.

இரு திசையிலும் வளர்க்கத் தெரிந்த பாலிமரேஸ் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? இருந்திருக்கலாம், ஆனால் அதனால் பிழை திருத்த முடியாது. சேர்க்கப்படும் ஒவ்வொரு எழுத்தும் மூன்று பாஸ்பேட்டுகளோடு வருகிறது. அவற்றில் இரண்டு பிரியும்போது வெளிப்படும் ஆற்றல்தான் எழுத்தை இழையில் பிணைக்கிறது. இப்போதுள்ள திசையில், வரும் எழுத்தே தன் ஆற்றலைக் கொண்டுவருகிறது. தப்பான எழுத்து சேர்ந்துவிட்டால் பாலிமரேஸ் ஓரடி பின்வாங்கி, அதை வெட்டி எறிந்துவிட்டு, சரியானதைச் சேர்க்கலாம். ஒன்றும் குடிமுழுகிவிடாது. எதிர்த்திசையில் வளர்ந்தால் அந்த ஆற்றல் இழையின் நுனியில் இருந்தாக வேண்டும். நுனியில் உள்ள தப்பான எழுத்தை வெட்டினால் ஆற்றலும் கூடவே போய்விடும், வேலை அங்கேயே நின்றுவிடும். திருத்தும் வசதிக்காகத் துண்டு துண்டாகத் தைக்கும் சிரமத்தைச் செல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தொடங்க ஏன் ஆர்என்ஏ என்பதற்கும் இதே விடைதான். முந்தைய எழுத்து சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பாலிமரேஸ் அடுத்ததைச் சேர்க்கும். அதனால் வெறும் இடத்தில் அதற்குத் தொடங்கத் தெரியாது. பிரைமேஸ் என்ற வேறொரு நொதி பத்து எழுத்து போல ஆர்என்ஏவில் எழுதிக் கொடுக்கும். சரிபார்க்காமல் எழுதப்பட்ட பகுதி என்பதால் பிழை இருக்கலாம். ஆர்என்ஏவாக இருப்பதால் பிறகு அதை அடையாளம் கண்டு நீக்கிவிட்டு டிஎன்ஏவால் நிரப்ப முடிகிறது. குரோமோசோமின் கடைக்கோடியில் மட்டும் இப்படி நிரப்ப வழியில்லை. எனவே ஒவ்வொரு பிரிதலிலும் நுனி கொஞ்சம் தேயும். டெலோமரேஸ் என்ற நொதி உள்ள செல்கள் அதை ஈடுகட்டிக்கொள்கின்றன.

எல்லாம் சேர்ந்து என்ன கிடைக்கிறது? எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் மட்டும் ஏறக்குறைய லட்சத்தில் ஒன்று தப்பாகிறது. பின்வாங்கி வெட்டும் திருத்தத்துக்குப் பிறகு கோடியில் ஒன்று. அதற்கும் பிறகு, பொருந்தாத ஜோடிகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் ஒரு புரதக் கூட்டம் வருகிறது. அதுவும் முடிந்தபின் நூறு கோடியில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. 600 கோடி ஜோடிகளை நகலெடுத்த பிறகு மிஞ்சுவது ஒற்றை இலக்கப் பிழைகள்தான். அந்தக் கடைசிக் கூட்டத்தில் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க முடிகிறது. பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியில் பழுதாவது இந்தப் புரதங்களின் மரபணுக்களே. அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

நகலெடுக்கும்போது மட்டும்தான் பிழை வரும் என்று நினைத்துவிட வேண்டாம். சும்மா இருக்கும் டிஎன்ஏவும் கெடும். சுற்றியிருக்கும் நீரே அதற்கு எதிரி. ஒரு செல்லில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 ஏ, ஜி எழுத்துகள் சர்க்கரையிலிருந்து கழன்று விழுகின்றன. சி எழுத்து தன் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறிவிடுவதும் தினமும் நடக்கிறது. தைமின் எதற்கு என்ற கேள்விக்கு இங்கேதான் விடை. டிஎன்ஏவிலும் யுராசிலே இயல்பான எழுத்தாக இருந்திருந்தால், எது உண்மையான யுராசில், எது கெட்டுப்போன சி என்று பிரித்தறிய முடியாது. தைமினைப் பயன்படுத்துவதால், டிஎன்ஏவில் யுராசிலைக் கண்டாலே அது கோளாறு என்று தெரிந்துவிடும், வெட்டி எடுத்துவிடலாம். கொஞ்ச காலமே வாழும் ஆர்என்ஏவுக்கு இந்தச் செலவு தேவையில்லை. புற ஊதாக் கதிர் பட்டால் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பகுதியையே வெட்டியெடுத்து நிரப்பும் தனி ஏற்பாடும் உண்டு. இந்தப் பழுதுபார்ப்பு முறைகளைக் கண்டறிந்ததற்காகத்தான் லிண்டால், மோட்ரிச், சஞ்சார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இனி புரதம். பொதுவாகச் சொல்வதை விட ஒரு மரபணுவை எடுத்துக்கொள்வோம்: ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின். பதினோராம் குரோமோசோமில், ஏறக்குறைய 1,600 எழுத்து நீளத்தில் இருக்கிறது. சிவப்பணுவாக மாறப்போகும் செல்லில் இது திறந்திருக்கும். மூளைச் செல்லிலும் இதே மரபணு இருக்கிறது, ஆனால் மூடிக் கிடக்கும். எந்த மரபணு எப்போது திறக்க வேண்டும் என்பதை அதன் அருகே வந்து ஒட்டும் புரதங்கள் தீர்மானிக்கின்றன. ஆர்என்ஏ பாலிமரேஸ் ஓர் இழையைப் படித்து ஆர்என்ஏ நகலை எழுதும், டிக்குப் பதில் யு போட்டு. அந்த நகலின் நடுவில் புரதத்துக்குத் தேவையில்லாத இரண்டு பகுதிகள் உண்டு. அவற்றை வெட்டி நீக்கி மிச்சத்தை ஒட்டிய பிறகே தூது ஆர்என்ஏ உட்கருவை விட்டு வெளியே வரும். 1,600 எழுத்தில் புரதத்துக்கு உண்மையில் பயன்படுவது 444.

அதன் தொடக்கம் இப்படி இருக்கும்: ஏயுஜி, ஜியுஜி, சிஏசி, சியுஜி, ஏசியு, சிசியு, ஜிஏஜி, ஜிஏஜி... புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி; மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். மும்மூன்றாகச் சேர்த்தால் கோடான்கள் எனப்படும் 64 மூன்றெழுத்துச் சொற்கள் வரும். அவற்றில் 61 கோடான்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும், மற்ற மூன்றும் நிறுத்தக் குறிகள். 1961இல் நிரன்பர்கும் மத்தாயும் யு மட்டுமே உள்ள ஆர்என்ஏவைக் கொடுத்தபோது, ஃபினைல்அலனின் மட்டுமே கோத்த சங்கிலி கிடைத்தது. அதுதான் முதலில் அவிழ்ந்த கோடான். ஹர் கோவிந்த் கொரானா வரிசை தெரிந்த ஆர்என்ஏக்களைச் செய்து மற்றவற்றை அவிழ்க்க உதவினார்.

மேலே கொடுத்த வரிசையில் ஏயுஜி தொடக்கக் குறி. அது கொண்டுவரும் மெத்தியோனின் பிறகு வெட்டப்பட்டுவிடும். அடுத்து வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், ஆறாவதாக குளுட்டாமிக் அமிலம். கோடானையும் அமினோ அமிலத்தையும் இணைப்பது கடத்து ஆர்என்ஏ. ஆனால் அந்தக் கடத்து ஆர்என்ஏவில் சரியான அமினோ அமிலத்தை ஏற்றிவிடும் நொதிகளை நிறையப் பேர் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் குறியீட்டை உண்மையில் அறிந்தவை இவைதான். ஐசோலியூசினை ஏற்றும் நொதி, கிட்டத்தட்ட அதே வடிவில் இருக்கும் வேலினைத் தவறுதலாக எடுத்துவிட்டால் வெட்டி விடுவிக்கத் தனியாக ஒரு குழியே வைத்திருக்கிறது. பிறகு செல்லின் புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோம் கோடானையும் கடத்து ஆர்என்ஏவையும் பொருத்திப் பார்த்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. கோக்கும் வேலையைச் செய்வது ரைபோசோமில் உள்ள புரதம் அல்ல, அதன் ஆர்என்ஏ. வெங்கி ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனத் மூவரும் 2009இல் நோபல் பெற்றது ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்கு.

புரதம் கோப்பதில் பிழை விகிதம் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்று. டிஎன்ஏ நகலோடு ஒப்பிட்டால் படுமோசம். ஆனால் செல்லுக்கு அது போதும். ஒரு புரதம் கெட்டால் அதைச் சிதைத்துவிட்டு இன்னொன்று செய்துகொள்ளலாம். டிஎன்ஏவில் பிழை வந்தால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு ஆர்என்ஏவிலும், ஒவ்வொரு புரதத்திலும், பிரிந்து வரும் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கும்.

அப்படி ஒரு பிழை தங்கிவிட்டால் என்ன ஆகும்? பீட்டா குளோபினின் ஆறாவது இடத்தில் உள்ள அந்த ஜிஏஜியையே பார்க்கலாம். கடைசி எழுத்து மாறி ஜிஏஏ ஆனால் ஒன்றும் ஆகாது, அதுவும் குளுட்டாமிக் அமிலம்தான். நடு எழுத்து மாறி ஜியுஜி ஆனால் வேலின். நீரோடு ஒட்டாத இந்த வேலின், ஆக்சிஜன் குறைந்ததும் பக்கத்து ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட நார்களாகி, சிவப்பணு அரிவாள் வடிவத்தில் வளைந்துவிடும். இதுதான் அரிவாள் செல் சோகை. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. முதல் எழுத்து மாறி ஏஏஜி ஆனால் லைசின், ஹீமோகுளோபின் சி என்ற வேறு வகை, அரிவாள் செல் அளவுக்குக் கடுமையில்லை. அதே முதல் எழுத்து யு ஆகிவிட்டால் நிறுத்தக் குறி, புரதம் அங்கேயே முறிந்துவிடும்.

எழுத்து மாறாமல் ஒன்று விடுபட்டால் இன்னும் மோசம். ‘பழம் தரும் மரம் நடும் மகன்’ என்று மூன்றெழுத்துச் சொற்களால் ஒரு தொடர். கடைசி எழுத்தை மாற்றினால் மகன் மகளாவார், பொருள் மாறுகிறது, தொடர் நிற்கிறது. ஆனால் ‘த’ ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு மும்மூன்றாகவே படித்தால் ‘பழம் ரும்ம ரம்ந டும்ம கன்’ என்று ஆகிவிடும். ஆறாவது கோடானின் ஏ விடுபடுவது நிஜமாகவே மனிதர்களில் உண்டு. அதன் பிறகு எல்லாக் கோடான்களும் தடம் மாறி, 146 அமினோ அமிலங்கள் வர வேண்டிய சங்கிலி 17இலேயே ஒரு நிறுத்தக் குறியில் முட்டி நிற்கும். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

தேவைப்படும்போது செல் தனக்கு வேண்டிய மாற்றத்தை வரவழைத்துக்கொள்கிறதோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 1943இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் பல தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாவை வளர்த்து, பிறகு அவற்றைக் கொல்லும் வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால் எல்லாக் குழாய்களிலும் பிழைத்தவை ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஆனால் பல குழாய்களில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஏராளம். வைரஸ் வருவதற்கு முன்பே, எந்தத் தலைமுறையிலோ தற்செயலாக மாற்றம் வந்து பெருகியிருந்தால்தான் அப்படி நடக்கும்.

கடைசியாக, பிள்ளைகளுக்குப் போகுமா? தோலில், நுரையீரலில், குடலில் வரும் மாற்றங்கள் போகாது. அந்தச் செல்லோடும் அதிலிருந்து பிரிந்தவற்றோடும் முடிந்துவிடும், மிஞ்சிப்போனால் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். விந்தணு, கருமுட்டை, அவற்றை உருவாக்கும் செல்கள் ஆகியவற்றில் வருபவை மட்டுமே போகும். பெற்றோர் இருவரிடமும் இல்லாத புது மாற்றங்கள் ஒவ்வொரு குழந்தையிலும் 60, 70 போல இருக்கின்றன. நம் டிஎன்ஏவில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான பகுதியே புரதத்தைக் குறிப்பதால் இவற்றில் பெரும்பாலானவை எந்த விளைவும் காட்டுவதில்லை. இந்தப் புது மாற்றங்களில் பெரும்பங்கு தந்தையிடமிருந்து வருகிறது. கருமுட்டைக்கு முந்தைய செல்கள், பெண் பிறப்பதற்கு முன்பே பிரிந்து முடித்துவிடுகின்றன. விந்தணுவைத் தரும் செல்களோ வயதுக்கு வந்ததிலிருந்து ஓயாமல் நகலெடுத்துக்கொண்டே இருக்கின்றன. தந்தையின் வயதில் ஓராண்டு கூடினால் குழந்தையிடம் ஒன்றிரண்டு மாற்றங்கள் கூடும்.